ஆடாத பதினாலாம் நம்பர்

டிரைவர்: ...இதைக் கேளுங்கக்கா, இன்னைக்குக் காலையில எழுதியிருக்காரு. "நாலாம் நம்பர் நேத்து ஒரு தடவைகூடக் கீழே விழல. தடுத்து ஆடுறவன் விழாம வீட்டுக்குப் போனா, ஒண்ணு கெட்டிக்காரன், இல்ல சோம்பேறி. நேத்து அவன் கெட்டிக்காரன்." எப்படி?

அக்கா: எப்படின்னா? மூட்டையை மெஷின் பக்கத்துல போடு. ப்ராக்டிஸ் துணிதானே? சாக்ஸைத் தனியாப் பிரி.

டிரைவர்: பிரிக்கிறேன். டீம் பஸ் ஓட்டுறவன் நான், எல்லா மேட்ச்சும் கிரவுண்டுல நின்னு பாக்கறேன். எனக்கே இது தோணல. நம்ம ஃபுட்பால் கிளப்புக்கு நெட்டுல இருக்கற ரசிகர் ஃபோரத்துல நாலாயிரம் பேர் எழுதுறாங்க, முக்கால்வாசி வசவு. "கடைசி வரிசை"ன்னு பேர் வச்சுக்கிட்டு இந்த மனுஷன் எழுதுறதுக்கு மட்டும் அத்தனை பேரும் காத்துக் கிடக்கறாங்க.

அக்கா: மனுஷன்னு கண்டியா?

டிரைவர்: பழைய கோச்சா இருப்பாருன்னு ஒருத்தன் சொல்றான். ரிட்டயர் ஆன ரெஃபரின்னு இன்னொருத்தன். ரெண்டு பேருக்கும் இதுல அடிதடி.

அக்கா: வேலையத்த பசங்க. அந்த சோப்புத்தூளை எடு.

டிரைவர்: இந்தாங்க. ஆனா அவரும் ஒரு இடத்துல கோட்டை விட்டுட்டாருக்கா.

அக்கா: எங்க?

டிரைவர்: "பதினாலாம் நம்பர் ரெண்டாவது பாதியில உயிரைக் குடுத்து ஆடினான், இடது பக்கமா நாலு தடவை சறுக்கிப் பந்தை எடுத்தான்"னு எழுதியிருக்காரு.

அக்கா: ஏன், ஆடலையா?

டிரைவர்: பெஞ்சை விட்டே எந்திரிக்கலையே.

அக்கா: என்ன சொல்றே... அவன் நிக்கர்ல அவ்வளவு சேறு...

டிரைவர்: எட்டாம் நம்பரோடது இடைவேளையில கிழிஞ்சிடுச்சு. அவசரத்துக்குப் பதினாலோட நிக்கரை மாட்டிக்கிட்டு ஓடினான். ஆட்டம் பாத்த எவனும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டான்க்கா. மறுநாள் துணியை மட்டும் பாத்தவங்கதான் பண்ணுவாங்க.

அக்கா: ...கதவைச் சாத்து.

டிரைவர்: சாத்திட்டுத்தான் பேசறேன்.

அக்கா: எத்தனை பேருக்குத் தெரியும்?

டிரைவர்: இப்போதைக்கு எனக்கு மட்டும். ஆனா மேனேஜர் மோப்பம் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. ஒன்பதாம் நம்பரோட குதிகால் புண்ணு ஃபோரத்துல வந்துச்சே, அதுலேர்ந்து கொதிக்கிறாரு. எதிர் டீமுக்கு விஷயம் போயிடுச்சாம். எழுதின ஆள் கிடைச்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவாராம்.

அக்கா: அதை எழுதினதுக்கு நான் வருத்தப்படல தம்பி. மூணு வாரம் அவன் வலது சாக்ஸ்ல ரத்தம். டாக்டர் ரூம்ல போய்ச் சொன்னேன். பாக்கலாம்மான்னு அனுப்பிட்டாங்க. பையன் வாயே திறக்காம ஆடுறான்... பெத்தவ மனசு எனக்கும் இருக்குல்ல. எழுதிப் போட்டேன், மறுநாளே உக்கார வச்சு வைத்தியம் பண்ணாங்க.

டிரைவர்: தெரியும்க்கா. இப்ப நொண்டாம பஸ் ஏறுறான். அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்.

அக்கா: பதினோரு வருஷத்துல ஒரு மேட்ச் முழுசாப் பாத்ததில்ல. அந்த நேரத்துலதான் இங்க டவல் வேலை. ஹோன்னு சத்தம் மட்டும் கேக்கும். மறுநாள் துணியை விரிக்கும்போதுதான் எனக்கு ஆட்டம்.

டிரைவர்: நின்னு பாத்த என்னைவிட நல்லாப் பாத்திருக்கீங்க. சும்மா சொல்லல.

அக்கா: போடா. பாராட்டை வச்சு என்ன பண்றது? இந்த வேலை போனா எம்பொண்ணு படிப்பு நடுவுல நிக்கும். மேனேஜருக்கு எப்படித் தெரியப் போகுது, அதைச் சொல்லு.

டிரைவர்: ஃபோரம் நடத்துற ஆளுக்கு மெயில் போட்டிருக்காரு. கடைசி வரிசை யாரு, எந்த போன் நம்பர்லேர்ந்து எழுதுறாங்கன்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணுமாம். இல்லேன்னா கேஸ் போடுவாராம்.

அக்கா: போச்சு. ஃபோரத்துல சேரும்போது இந்த சலவை ரூமுக்குக் குடுத்த செல்போன் நம்பரைத்தான் போட்டேன்...

டிரைவர்: ஆமாக்கா. வேற நம்பரே கிடைக்கலையா உங்களுக்கு?

அக்கா: எனக்கு ஏது வேற நம்பர். அந்த ஆளு யாரோ எவரோ. கேஸுன்னு மிரட்டினா எனக்காக எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கப் போறாரு?

டிரைவர்: மூடிக்கிட்டாரு. மத்தியானமே பதில் போயிடுச்சு. "எங்க ஃபோரத்துலயே ஒழுங்கா ஆட்டம் பாக்கற ஒரே ஆள் கடைசி வரிசைதான். அதுக்கு மேல எங்களுக்கு எதுவும் தெரியாது." அந்த நம்பரையும் அழிச்சாச்சு.

அக்கா: இரு, இரு... அவரு என்ன எழுதினாரு, எதை அழிச்சாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?

டிரைவர்: மேட்சுக்கு முன்னாடி மூணு மணி நேரம் காலி பஸ்ல தனியா உக்காந்திருக்கேன். ஏதாவது பண்ணணும்ல... ஆறு வருஷமா அந்த ஃபோரத்தை நடத்துறது நான்தான்க்கா.