செவ்வாய்க் கேணியும் எங்கூட்டுக்காரரும்

…அட, முடி இல்லாததுதானுங்க பிரச்சனையே! ம்ஹூம், நீங்க வாயத் தொறக்காதீங்க அம்மிணி, மூஞ்சில போட்ட பேக் வெடிச்சுப்போயிரும். அப்பறம் கன்னத்துல கோடுகோடா நிக்கும். சண்முகப்பிரியா பார்லருக்குப் போனேன், மூஞ்சி வரப்பாட்டம் ஆயிருச்சுன்னு வாழப்பாடில உங்கம்மா ஊட்டு வரைக்கும் சொல்லுவீங்க. காயறதுக்கு நேரமாகும். வெள்ளரிக்கா கண்ணு மேல இருக்கட்டும். நீங்க பாட்டுக்குப் படுத்திருங்க, நாம் பேசறேன்.

எதுல உட்டேன்? ஆங், முடி. கதைல வர்ற கைலாசத்துக்குத் தலைல முடி கெடையாதுங்க. அம்பது வயசு, தொப்பை, வழுக்கை. சினிமால பாத்தா தோளு வரைக்கும் தொங்குது! செவ்வாய்க் கிரகத்துல ஹெல்மெட்டுப் போட்டுட்டு நிக்கறாரு, ஹெல்மெட்டுக்குள்ள முடி பறக்குதுங்க. காத்து எந்தப் பக்கட்டு இருந்து வருதுன்னு கேக்கறதுக்கு ஆளில்ல.

உங்களுக்கு அந்தப் புக்குத் தெரியாதா? செவ்வாய்க் கேணி. அது தெரியாம எப்படி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தீங்க? எங்க மாமனாரு காலத்துல வாரப் பத்திரிகைல தொடரா வந்த கதைங்க. செவ்வாய்ல தண்ணி பாக்கறதுக்கு இங்க இருந்து போர் போடற ரிக் வண்டி ஏத்திட்டுப் போறாங்க. திருச்செங்கோட்டு ரிக்கு போகாத ஊரு இல்ல, செவ்வாய்க்கும் போச்சுன்னு ஒருத்தரு எழுதுனா, இந்த ஊருக்காரங்க சும்மா உடுவாங்களா? தலை மேல வெச்சுக் கொண்டாடறாங்க. கைலாசம் போர் போட்டுட்டே போறாரு, போறாரு, தண்ணி வர்ல. கடைசில கீழ இருந்து ஆரோ தட்டறாங்க. டொக்கு… டொக்கு. இவுரு சுத்தியல எடுத்து ராடு மேல திருப்பித் தட்டறாரு. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. கீழ ஆருன்னு சொல்லவே மாட்டாரு அந்த எழுத்தாளரு.

கீழ ஆருங்கறதுக்குத்தான் எங்கூட்டு மொட்டமாடில வருசக்கணக்கா கூட்டம்! எங்கூட்டுக்காரரு தனபால் இருக்கறாருங்களே, ரிக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பாத்திருப்பீங்க, அவரும் குமரகுரு வாத்தியாரும்தான் வாசகர் வட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வாத்தியாரு காலேஜுல பிசிக்ஸ் நடத்தறாரு. ரெண்டு பேரும் அவ்வளவு சிநேகிதம். ஒரே மாதிரி சட்டை எடுப்பாங்க. அவரு ஊட்டுல அகல்யா, இங்க நானு, நாங்களும் அப்படியே ஒட்டிக்கிட்டோம். கூட்டம்னா மேல ஆம்பளைங்க நீரு தட்டுதா பேய் தட்டுதான்னு கத்திட்டு இருப்பாங்க. கீழ நாங்க போண்டா சுட்டுட்டு இருப்போம். படி ஏறி டீ கொண்டு போனா, "அங்க வெச்சுட்டுப் போ பிரியா, முக்கியமான எடத்துல இருக்கறோம்"பாரு. நானும் எத்தனையோ வாட்டி பாத்துட்டனுங்க, அவரு முக்கியமில்லாத எடத்துல இருந்ததே இல்ல.

சினிமா வரப்போகுதுன்னு போஸ்டர் வந்துதுங்க. அன்னைக்கு எங்கூட்டுல எழவு உழுந்த மாதிரி. "கைலாசத்துக்கு முடி வெச்சுட்டானுங்க!" அப்படீன்னு சோறு உங்காம உக்காந்திருக்கறாரு. போன்ல அந்தப் போஸ்டருக்குக் கீழ வரிசையா கமெண்டு. அந்த நடிகரோட ரசிகருங்க உடுவாங்களா? "படம் வராம பேசாதீங்கடா கெழவனுங்களா"ன்னு அவனுங்க. "புக்கப் படிக்காம பேசாதீங்கடா பொடுசுங்களா"ன்னு இவுங்க. நான் உக்காந்து பாத்தேன், சிரிப்பா வந்துது. அவுனுங்க புக்கப் படிக்கல, இவுங்க படத்தப் பாக்கல. ஆனா ரெண்டு பக்கமும் என்ன கோவம்ங்கறீங்க!

அப்பறம் வட்டத்துக்காரங்க படத்தப் புறக்கணிப்போம்னாங்க. சரி, புறக்கணிக்கறவங்க ஊட்டுல இருக்கோணுமுல்ல? மொத நாளு, மொத காட்சி! கறுப்பு பேட்ஜ் குத்திட்டு, எதிர்ப்புத் தெரிவிக்கறோம்னு சேலத்துக்கு வேன் புடிச்சுப் போனாங்க. பாப்கார்னும் வாங்கியிருக்கறாங்க. எப்படித் தெரியும்னா, சட்டைப் பையில மிச்சம் கெடந்துது, நாந்தான தொவைச்சேன்.

படத்துல கீழ தட்டறது ஒரு ராட்சசப் பூரானுங்க. கைலாசம் அது கூட சண்டை போடறாரு, சண்டை போடறாரு, அது பாட்டுக்குப் போவுது. எங்கூட்டுக்காரரு சீட்டுல உக்காந்து நெஞ்சப் புடிச்சுட்டாராம். பக்கத்துல பாத்தா வாத்தியாரு… விசில் அடிக்கறாரு! ஆமாங்க! பேட்ஜ் குத்திட்டே! காலேஜு வாத்தியாரு! அன்னைக்குப் பொழுதோட வட்டத்து வாட்ஸப் குரூப்புல எழுதறாரு, "படம் வேறு, நாவல் வேறு. எனக்குப் பிடித்திருந்தது." அவ்வளவுதானுங்க எழுதுனது. எங்கூட்டுக்காரரு தட்டுல இருந்த தோசையப் பாதில வெச்சுப்போட்டு, எச்சக் கையோட வாத்தியார குரூப்ப உட்டே தூக்கிட்டாரு.

பத்து இருவது வருசப் பழக்கமுங்க. ஒரு பூரானுக்கோசரம் போச்சு.

வாத்தியாரு சும்மா இருப்பாருங்களா? தனியா ஒரு குரூப்பு. உண்மை வாசகர் வட்டம். அப்ப இங்க இருக்கறவங்கெல்லாம் பொய் வாசகருங்களாமா? அதுக்கு ஒரு சண்டை. ரெண்டு குரூப்புலயும் இருந்துட்டு இங்க பேசறத அங்க சொல்றதுக்குன்னே நாலஞ்சு பேரு.

எனக்கு அதெல்லாம் வெசனமில்லீங்க. எம்பட வெசனம் அகல்யா. ஒரே தெருவு. கறிவேப்பிலை கேக்கறதுக்குக் கூட அவ வர்றதில்ல, நாம் போறதில்ல. எதுத்தாப்புல வந்தா அவுங்கவுங்க ஊட்டுக்காரர நெனச்சுப் பயந்துட்டு, சிரிக்கறதா வேண்டாமான்னு மூஞ்சி ஒரு மாதிரிக் கோணிக்கும். அப்பத்தானுங்க கனிஷ்கா பெரிய மனுசியானா, அகல்யா புள்ளை. மடில போட்டு வளத்த புள்ளைங்க எனக்கு. அந்தச் சீருக்குப் பத்திரிகை வருது, கவர் மேல என்ன போட்டிருக்குது? "திருமதி சண்முகப்பிரியா". அவ்வளவுதான். குடும்பத்தார்னு ஒரு வார்த்தை இல்ல. எங்கூட்டுக்காரரு அதையத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. "நீ போறதுன்னா போ"ங்கறாரு. போறதுன்னாவா? புள்ளைக்கு அலங்காரம் பண்றதுக்கு வேற எவ வருவா?

போனேன். புள்ளைக்குச் சடை பின்னிட்டிருக்கறேன், அகல்யா கதவச் சாத்திட்டு வந்து கட்டல்ல உக்காந்தா. "அக்கா, அந்தப் புக்குல அப்படி என்னதாங்க்கா இருக்குது?"ன்னா. "ஏன், நீ படிச்சதில்லையா?"ன்னேன். "இல்லீங்க்கா, நீங்க?" நானும் இல்ல! போண்டா சுட்டோம், டீ போட்டோம், புருசனுங்க சண்டைக்கு மூஞ்சியத் திருப்பிட்டுப் போனோம், ஒருத்தி கூட படிக்கல. வெக்கமாப் போச்சுங்க.

படிச்சோம். பார்லர்ல ஆளில்லாத நேரத்துல இதே சேர்ல உக்காந்து நானு, அவ அவூட்டுல. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருக்குது. அதுல பதினாலாம் அத்தியாயம்னு ஒண்ணு வருது. கைலாசத்தோட பொண்டாட்டி, பேரு பாவாயி. இங்க பூமில தனியா இருக்கறா. தெனமும் வெளக்கு வெச்சதும் ரேடியோப் பொட்டி முன்னால உக்காந்து செவ்வாய்க்குப் பேசி அனுப்புவா. எருமை கன்னு போட்டுச்சுங்க, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்ப வெட்டிட்டான், உங்க சட்டைய மடிச்சு வெச்சிருக்கறேன்… அந்தாளு ஒண்ணையும் தொறந்து கேக்க மாட்டாரு. வேலை முடியட்டும், வேலை முடியட்டும்னு போட்டு வெச்சிருப்பாரு. ஒரு நாளு அவ பேசிட்டே இருந்தவ, "சரி, உலை கொதிக்குது"ன்னு அமத்திட்டு எந்திரிச்சுப் போயிருவா. அதுக்கப்பறம் புக்குல அவ வர்றதே இல்ல.

ரெண்டு நாளு அந்தப் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் படிச்சனுங்க. நானு! நம்புங்க அம்மிணி.

நானும் அகல்யாவும் ஆருக்கும் சொல்லாம மத்தியானக் காட்சி போனோம். படத்துல பாவாயியே இல்லீங்க! வேற ஒரு புள்ளை, விண்வெளி டிரஸ்ஸுல ஆடுது. அந்த ஒப்பனையப் பத்தி நாம் பேசுனா இன்னைக்குப் பத்தாது. ஊட்டுக்கு வந்து கேட்டேன், "ஏனுங்க, இத்தனை பேரு முடியக் காணம், தொப்பையக் காணம்னு கத்துனீங்களே, பாவாயியக் காணம்னு ஒருத்தரும் கேக்கலியே?" அவரு என்ன கேட்டாரு தெரியுமுங்களா? "ஆரு பாவாயி?"

சோத்துக்கரண்டி கைல இருந்துது. சாமி சத்தியமா, ஓங்கல.

அப்பறம் ரோசனை பண்ணிட்டு, "ஓ, அந்த அத்தியாயமா, அதுல கதை நகராது, நாங்கெல்லாம் அதத் தள்ளிட்டுப் போயிருவோம்"ங்கறாரு. அகல்யா அவூட்டுல கேட்டிருக்கறா. வாத்தியாரும் அதே வார்த்தை! "கதை நகராது." உண்மை வாசகரும் ஒண்ணுதான், பொய் வாசகரும் ஒண்ணுதான்!

சும்மா உட்டமா நாங்க? வட்டத்துக் கூட்டம் வந்துது. டீ வருதான்னு பாத்துட்டு இருந்தாங்க, நாங்க புக்கோட ஏறிப் போனோம். வாத்தியாரையும் அகல்யா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. அவ படிச்சா, பதினாலாம் அத்தியாயம் பூராவும், நின்னுட்டே. முடிச்சதும், ஒருத்தரு மொள்ளக் கைய ஒசத்தறாரு. என்னன்னா, "இது புதுப் பதிப்புல சேத்ததுங்களா?" அட சாமி, அவருதானுங்க வட்டத்துக்குப் பொருளாளரு!

எங்கூட்டுக்காரரு தலையக் குனிஞ்சுட்டு இருந்தாரு. வாத்தியாரும் அப்படித்தான். அப்பறம் ரெண்டு பேரும் ஒரே சமயத்துல நிமுந்து ஒருத்தர ஒருத்தரு பாத்து… பேசிக்கிட்டாங்க. ஆமா, அன்னைக்கே ராசியாயிட்டாங்க. சரி, நல்லது நடந்துதுன்னு நாங்களும் கீழ எறங்கி டீ போட்டோம்.

விடிஞ்சதும் போனத் தொறந்து பாக்கறேன், எங்கூட்டுக்காரரு எழுதியிருக்கறாரு: "பாவாயியை வெட்டியது துரோகம்! பதினான்காம் அத்தியாயமே நாவலின் உயிர்! என் நெடுநாள் கருத்து இது!" நெடுநாளாமா! நேத்து வரைக்கும் ஆரு பாவாயின்னு கேட்ட ஆளு! அது கெளம்பிருச்சுங்க. பாவாயி எங்கே, பாவாயி எங்கேன்னு ஊரு பூரா. நூத்துக்கணக்குல ஆளுங்க புரொஃபைல் படத்த மாத்திப் போட்டுட்டாங்க. அகல்யா படிச்சத ஒருத்தரும் சொல்லல. நான் கேட்டத ஒருத்தரும் சொல்லல.

இப்ப ஒரு யூட்யூப் சேனல்ல கூப்பிட்டிருக்கறாங்க அவர. பாவாயி நிபுணரு! இன்னைக்கு நேரலை. காலைல சட்டை மாட்டிட்டு வந்து நிக்கறாரு, "பிரியா, பாவாயியப் பத்தி நாலு பாயிண்ட் சொல்லு." அப்பவும் புக்க எடுத்துப் படிக்கணும்னு தோணல பாருங்க! எனக்கு வந்துது பாருங்க ஒரு கோவம். சொன்னேன். மூணு பாயிண்டு புக்குல இருக்கறது. நாலாவது நானே கட்டுனது!

என்னவா? சொல்றேன், சிரிக்காதீங்க. "பாவாயி காத்திருந்து காத்திருந்து சலிச்சுப்போயி, நகைய வித்து சொந்தமா ரிக்கு வாங்கி, ஊட்டுப் பின்னால போர் போட ஆரம்பிக்கறா. செவ்வாய்ல கைலாசத்துக்குக் கேக்குதே டொக்கு டொக்குன்னு, அது அவ தட்டறதுதான்"னு சொன்னேன். புக்குல எங்கியும் கெடையாதுங்க! அவரு அப்படியே நின்னாரு. "அடடா, இத எப்படி மறந்தேன்"னுட்டுப் போனாரு. போகட்டும், ஊருக்கு முன்னால நல்லா மாட்டட்டும்!

இருங்க, போன்ல நேரலை வந்துருச்சு… வெள்ளரிக்காய எடுத்துருங்க, நீங்களும் பாருங்க. அதான் அவரு, ஊதாச் சட்டை. சவுண்டு வெக்கறேன். சொல்றாரு… சொல்றாரு பாருங்க, ரிக்கு வாங்குனத! கேள்வி கேக்கற பையன் தலையாட்டறானுங்க! "ஆமா சார், அந்த எடம் மறக்கவே முடியாது"ங்கறான்! எடமே இல்லீடா சாமி! கமெண்டு பாருங்க, ஓடுது… "அந்தக் காட்சியில் அழுதுவிட்டேன்"… "என் அப்பா இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுவார்"… அடப்பாவிங்களா! வாத்தியாரு வேற கமெண்டுல பூப் படம் போட்டிருக்கறாரு!

இருங்க… என்ன சொல்றாரு? சித்த இருங்க.

"…உண்மையச் சொல்லணும்னா, இதெல்லாம் நாங் கண்டுபுடிச்சதில்லீங்க. நாங்க யாரும் அந்த அத்தியாயத்த ஒழுங்காப் படிக்கல. எங்கூட்டம்மா சண்முகப்பிரியாதான் சொன்னாங்க. தட்டறது பாவாயிதான்னு எனக்குக் காட்டுனது அவுங்கதான்…"

அய்யோ.

பேரச் சொல்லிப்போட்டாரே. இத்தனை வருசத்துல ஒரு தடவை… இப்பவா? இதுக்கா? மத்த மூணையும் உட்டுப்போட்டு இதுக்கா சொல்லோணும்? அம்மிணி, கண்ணுல பாருங்க, தண்ணி நிக்குது அவருக்கு. அடுத்த வாரம் நேருல வந்து பேசணும்னு என்னையக் கூப்பிடறான் அந்தப் பையன். புக்குல எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு கேட்டா நான் என்னங்க காட்டுவேன்?

போனு வருது… அகல்யா. என்னைய உட்டா அவ ஒருத்திதான் முழுசாப் படிச்சவ, அது நாங் கட்டுனதுன்னு அவளுக்குத் தெரியாமயா இருக்கும்?

எடுக்கட்டுங்களா, வேண்டாங்களா?