செத்த ஆள் கோரஸில்

"அண்ணை, சனிக்கிழமை உங்கடை சாவு திறமாய் இருந்தது."

லொங்குய்ய் போகிற மெட்ரோவில் எனக்கு எதிரே இருந்த பெண்தான் இப்படிச் சொன்னாள். என் கையிலிருந்த பத்திரிகை மறந்தே போனது. அவள் மடியில் வானொலி இசை நாடகமொன்றின் பிரதி. பக்கத்திலிருந்த மனிதர் பாராட்டை ஏற்றுத் தலையாட்டினார்.

"சாவு சரி, பிள்ளை. ஆனால் ரேடியோவிலை நாடகத்துக்கு முன்னம் மரண அறிவித்தல் போனதெல்லே? சனம் ரெண்டையும் சேர்த்துக் கேட்டிட்டுது. 'பாஞ்சோ வாத்தியம் வாசிச்ச தம்பியின்ரை உடலை எங்கை பார்வைக்கு வைக்கினம்?' எண்டு லாசாலிலையிருந்து ஒரு அக்கா கோல் எடுத்தவ."

"ஐயோ! அது அந்தக் காலத்து அமெரிக்க நாட்டுப்பாடகர், கற்பனை எண்டு சொன்னனீங்களோ?"

"சொன்னனான். 'அதுக்கென்ன, மலர்வளையத்தை ஆருக்கு அனுப்பிறது?' எண்டு கேட்டவ. பேந்து இன்னும் எட்டு அக்காமார்."

அவள் தாளைப் புரட்டினாள். "அடுத்த கிழமை செத்தவீடு. 'ஒருத்தரும் வரேல்லை' எண்டெல்லோ எழுதியிருக்கிறன். ஊர் உலகம் அவரை மறந்திட்டுது எண்டதுதானே கதை."

"ஒன்பது பேர் வாறம் எண்டு நிக்கினம். நீர் வரேல்லை எண்டுறீர்!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினாள்.

"சரி, ஒன்பது பேரையும் ஸ்டூடியோவுக்குக் கூப்பிடுங்கோ. குழிக்கரையிலை நிண்டு கோரஸ் பாடட்டும். ஆனால் எல்லாரும் பொம்பிளையள். ஆம்பிளைக் குரல் ஒண்டு வேணும்."

"நான் பாடுறன்."

"நீங்கள் பெட்டிக்குள்ளை, அண்ணை!"

"ஓம், தெரியும். மெதுவாய்ப் பாடுறன்."