நீலமாகவே நின்ற குழாய்

போத்தலை ஒவ்வொரு தடவையும் சாம்பல் போட்டுக் கழுவித்தான் கொண்டுவந்தேன், ஐயா. அதில் ஒரு குறையும் கிடையாது. உங்கள் மருந்தால்தான் என் வீட்டுக்காரர், கந்தப்பன் கங்காணி, செத்துப்போனார் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். தோட்டத்துரை உங்களைத் தோட்டத்தைவிட்டு அனுப்பப்போவதாகவும் கேள்விப்பட்டேன். இந்த மருந்துச்சாலை ஏற்றத்தை ஏற எனக்கு இப்போது தெம்பில்லை. ஆனாலும் ஒன்றும் அறியாத மனுஷர் பழி சுமக்கக் கூடாது என்று வந்தேன்.

அவருக்கு நீரிழிவு வந்தது என் வேலையல்ல. தானாக வந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. மலையில் காலில் அட்டை கடித்த இடம் ஆறாமல் புண்ணாகவே கிடந்தது. அவருடைய சிறுநீரை நீங்கள் கண்ணாடிக் குழாயில் ஏதோ நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினீர்கள். செங்கல் நிறமாக மாறியது. சீனி இருந்தால் அப்படித்தான் மாறுமாம். சீனியை நிறுத்து, சோற்றைக் குறை, குரக்கன் களி கொடு என்றீர்கள். மாத்திரையும் தந்தீர்கள். எல்லாம் சொன்னபடி செய்தேன். அவரும் தேறினார்.

தேறியதும் அவருக்கு இந்தியா ஞாபகம் வந்துவிட்டது.

"பாஸ்போர்ட்டு வந்துருச்சு புள்ள. துறையூர்ல அண்ணன் இருக்காரு. கெளம்பிருவோம்" என்றார்.

"மீனம்மாவ விட்டுட்டா?"

"அவ புருசன் வீட்டுல இங்கத்த பிரஜாவுரிமை கெடச்சிருச்சு, அவ இங்கயே இருப்பா. கட்டிக்குடுத்த புள்ளைக்கு நாம எதுக்கு?"

மீனம்மா எங்கள் ஒரே மகள். இறம்பொடையில் வாழ்க்கைப்பட்டவள். தலைமன்னாரில் நாங்கள் கப்பல் ஏறிவிட்டால் அவள் முகத்தை இனிப் பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் என் பேச்சு என்றைக்கு எடுபட்டிருக்கிறது? சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது, ஐயா.

நோயாளியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். நம் ஆட்கள் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடிப்பது உங்களுக்குத் தெரியும். அவர் வெறுங்கையோடு குடிப்பதைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. கையில் சீனியைக் கொட்டினேன். "மருந்தையா சாப்பிடலாம்னுட்டாரு" என்றேன். குழந்தை மாதிரி சிரித்தார்.

கால் புண் மறுபடி பெரிதானது, அதோடு அவரால் ஏற்றம் ஏற முடியாது. அதனால் போத்தலை நான்தான் கொண்டுவந்தேன். அதில் இருந்தது என்னுடைய சிறுநீர். குழாய் நீலமாகவே நின்றது. மாத்திரையைக் குறைத்தீர்கள். நன்றாகக் கவனிக்கிறாய் வேலாயி என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்டு மனசு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

காய்ச்சல் மாதிரி இல்லை இந்த நோய். சொன்ன பேச்சைக் கேட்கும். புண் மோசமானால் சீனியை நிறுத்துவேன், கொஞ்சம் ஆறும். துறையூர் என்று வாயைத் திறந்தால் மறுபடி கொடுப்பேன். மீனம்மா அப்பாவைப் பார்க்க அடிக்கடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காலைத் துடைத்துவிடுவாள், அவர் அவளுக்குக் கதை சொல்வார். நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் இருந்ததே இல்லை.

இந்த மழையில் அவர் கால் பெருவிரல் கறுத்தது. அவருக்கு வலி தெரியவில்லை, எனக்கு வாடை தெரிந்தது. அப்போதே உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். வந்தால் அவரிடமே சிறுநீர் கேட்பீர்கள். அதனால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினேன். சீனியையும் நிறுத்திப் பார்த்தேன். கறுப்பு கணுக்காலைத் தாண்டிய பிறகுதான் உங்களுக்கு ஆள் அனுப்பினேன். நீங்கள் வருவதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

துரையிடமும் இதை நானே சொல்கிறேன். அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. போகவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவரைத் தூக்கும்போது மீனம்மா லயத்து வாசலில் விழுந்து புரண்டு அழுதாள். பெற்ற வயிறு தாங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஐயா. அவர் இந்தியாவுக்குப் போயிருந்தால் பிள்ளை இதைவிட அதிகமாக அல்லவா அழுதிருப்பாள்.