வாளியில் ஊறிய பேடுகள்

ஓடுகிறோம். என் மகள் ஜெனி தோளில். எட்டு மாதக் குழந்தை. அவள் முகத்தின் மேல் ஈரத் துணிப் பேடு ஒன்றை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அழுகிறாளா, தெரியவில்லை. அழ வேண்டும். அழுதால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

கண் திறக்க முடியவில்லை. மிளகாய் அரைத்த கையால் கசக்கிய மாதிரி எரிகிறது. முன்னால் போகிறவர்களின் இருமலை வைத்துத்தான் வழி. செருப்புகள் அடித்துக்கொள்ளும் சத்தம். எங்கோ ஒரு குடம் உருண்டு போகிறது. பின்னால் அந்தச் சீறல். குக்கர் விசில் மாதிரி ஆரம்பித்தது. குக்கர் என்றால் நிற்கும். இது நிற்கவில்லை.

"மெயின் ரோட்டுக்குப் போவாத! காத்து அங்கதான் அடிக்கிது! கடல் பக்கம் திரும்பு!"

சலீம் பாயின் குரல். எங்கள் சந்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். சின்ன வயதில் ஐஸ் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். இந்த நாற்றம் அவருக்குத் தெரியும்.

"அமோனியா! ஈரத் துணிய வெச்சி மூக்க மூடு! ஓடு!"

திரும்பினோம். திரும்பாதவர்களும் இருந்தார்கள். மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினவர்களோடு காற்றும் ஓடியது. அவர்களைப் பிறகு ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ராயபுரத்திலிருந்து காசிமேடு போகும் வழியில் எங்கள் சந்து. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி. துறைமுகத்துக்கு மீன் ஐஸ் போடுகிற இடம். அதன் கம்ப்ரசர் பகல் ராத்திரி என்று பார்க்காமல் உறுமும். வீட்டுப் பாத்திரமெல்லாம் மெதுவாக அதிரும். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். அன்று அது நின்றது. நின்ற பிறகுதான் சீறல் கேட்டது.

என் கணவர் அப்போது விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் ஜெனியும். மிஷினில் உட்கார்ந்து பேடு தைத்துக்கொண்டிருந்தேன். துணி டயப்பருக்குள்ளே வைக்கிற பேடு. கடை டயப்பர் போட்டதில் ஜெனிக்குத் தொடையெல்லாம் சிவந்து புண்ணாகிவிட்டது. அதனால் நானே தைக்க ஆரம்பித்தேன். மேலே பனியன் துணி. நடுவில் பழைய டர்க்கி டவல். அடியில் மறுபடி பனியன் துணி. ஓரம் தைத்து, நடுவில் ஒரு தையல் ஓட்டினால் உள்ளே சுருண்டுகொள்ளாது. பார்த்தவர்கள் எங்களுக்கும் தைத்துக் கொடு என்றார்கள். தைத்துக் கொடுத்தேன்.

நான் தைப்பேன். கல்பனா வெட்டுவாள். கல்பனா பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். அவள் மகன் கவினும் ஜெனியும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவர்கள். எனக்குப் பால் வராத நாட்களில் அவள் ஜெனிக்குப் பால் கொடுத்திருக்கிறாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவள் எனக்கு யார் என்பது தெரிய வேண்டும். அவள் புருஷன் சேகர் அந்த ஐஸ் கம்பெனியில்தான் வேலை.

புதுத் துணி முதலில் தண்ணீரைக் குடிக்காது. கஞ்சி போக இரண்டு மூன்று தடவை ஊறவைத்து அலச வேண்டும். அன்று புதிதாகத் தைத்த பேடெல்லாம் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. அந்த வாளிதான் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு கையாலும் அள்ளினேன். ஜெனி முகத்தில் ஒன்று. என் மூக்கில் ஒன்றைத் துப்பட்டாவால் கட்டினேன். மீதியைச் சந்தில் ஓடிக்கொண்டே கையில் கிடைத்தவர்களிடம் எல்லாம் கொடுத்தேன். கதவுகளை உதைத்தேன். கல்பனா வீட்டில் மட்டும் பூட்டு. தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, கல்பனா முன்னாலேயே அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சந்தோஷப்பட்டேன்.

கடைசி வீட்டில் சாந்தி. ஏழு மாதக் கர்ப்பம். முதல் பிள்ளை. வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவள் மூக்கில் ஒரு பேடு கட்டினேன். "ஓடு சாந்தி. பாத்து ஓடு. நிக்காத." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். திருப்பத்தில் வலைக்குவியல். எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. என் கையிலிருந்து அவள் கை உருவிக்கொண்டது. வயிறு தரையில் படும்படி விழுந்தாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஈரத் துணி மூட்டையைக் கல்லில் போடுகிற சத்தம்.

சலீம் பாய் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். என்னையும் ஜெனியையும் ஏற்றினார். கடற்கரை ரோட்டில் காற்று இருந்தது. காற்று என்றால் வெறும் காற்று. ஜெனி இருமினாள். பிறகு அழுதாள். எங்களை இறக்கிவிட்டு, சாந்தியை ஆஸ்பத்திரிக்குப் போகும் வேறொரு வண்டியில் மாற்றிவிட்டு, சலீம் பாய் மறுபடி சந்துக்குள் போனார். இரண்டாவது தடவை ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை அவரை வேறொருவர் கைப்பிடித்து நடத்தி வந்தார். இடது கண் வெள்ளையாகியிருந்தது.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. சுவர் மேல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். சாயங்காலத்துக்குள் சீறல் நின்றது. ஆபத்து மணி என்று ஒன்று அந்தக் கம்பெனியில் இருந்ததாம். அது கடைசிவரை அடிக்கவில்லை.

ஜெனியைக் காட்ட வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது மெல்ல உறைத்தது.

கல்பனா சாப்பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பையோடு என் வாசலுக்கு வந்தாள். திருவொற்றியூரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். கொடியில் காய்ந்த பேடுகள் இருந்தன. ராத்திரி தங்குகிறாளே, பிள்ளைக்கு வேண்டுமே என்று நானே எடுத்து மடித்து அவள் பையில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படியில் இறங்கினவள் நின்றாள்.

"நீயும் வாயேன் ஸ்டெல்லா. சும்மா போய் வர்லாம்."

சினிமாவுக்குக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள். "வேல கீது, நீ போய் வா" என்றேன். போனாள்.

ஜெனியோடு வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலையில் கல்பனாவைக் குழாயடியில் பார்த்தேன். குடம் நிரம்பி வழிந்தது. அவள் மூடவில்லை.

"சேகர் உனுக்குப் போன் பண்ணாரா?"

குழாயை நான் மூடினேன்.

"பண்ணாரு," என்றாள். "வால்வு ஒண்ணு காலைலேந்து லீக்காவுதாம். வெளிய சொல்லக் கூடாதுன்ட்டாராம் மேனேஜரு. கொழந்தைய தூக்கினு அம்மா வூட்டுக்குப் பூடு, யாராண்டயும் சொல்லாதன்னாரு. சொன்னா வேல பூடும்னாரு."

"என் எதிர்ல நின்னியே. என் கையால பேடு வாங்கினு போனியே."

"உன்ன கூப்ட்டனே ஸ்டெல்லா. வான்னு கூப்ட்டனா இல்லியா?"

"எதுக்குன்னு சொன்னியா?"

அழ ஆரம்பித்தாள். "சொன்னா நீ சும்மா வந்திருப்பியா? சந்து பூரா கத்தியிருப்ப."

"ஆமா," என்றேன். "கத்தியிருப்பேன்."

கை ஓங்கவில்லை. திட்டவில்லை. சண்டை போடக்கூட அவள் எனக்கு ஆளாகத் தெரியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

விசாரணை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். கம்பெனி தரப்பில் வந்தவர் சொன்னார்: ஊழியர்களின் குடும்பங்கள் மூலமாகச் சந்து மக்களுக்கு முன்கூட்டியே தகவல் போய்விட்டது, சிலர் அலட்சியமாக இருந்துவிட்டார்கள். சாட்சியாகக் கல்பனாவைக் கூப்பிட்டார்கள். புதுப் புடவை. தலை குனிந்திருந்தாள். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"பக்கத்து வூட்டு ஸ்டெல்லாவ என்கூட கெளம்பி வரச் சொன்னேன் சார். அவதான் வேல கீதுன்னு வர்ல."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அத்தனையும் நடந்தது. அதைக் கேட்டுச் சாந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என்ன செய்வது? உனக்குத் தெரியுமா, தெரிந்துமா எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்கும் பார்வை.

எழுந்தேன். "சார், எதுக்குக் கூப்புட்றன்னு அவ சொல்லல. அத கேளுங்க." முறை வரும்போது பேசு, உட்கார் என்றார்கள். உட்காரவில்லை. சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா அப்போது நகரவில்லை. அதையும் பார்த்தேன். அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

வெளியே வந்ததும் சாந்தியிடம் போனேன். எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பினாளா, தெரியாது. முன்பு அக்கா என்று கூப்பிடுவாள். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஐஸ் கம்பெனி மறுபடி ஓடுகிறது. சேகர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். சூப்பர்வைசர் ஆகிவிட்டார்.

போனதைச் சொல்கிறேன்.

சாந்தியின் பிள்ளை. ஆண். ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்தது. பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் சாவுக் கணக்கில் சேர்க்கவில்லை என்றார்கள். நான் சேர்க்கிறேன்.

சலீம் பாயின் இடது கண். ஆட்டோவை விற்றுவிட்டார்.

சந்தின் கோழிகள் அத்தனையும். மூன்று ஆடுகள். கட்டியிருந்த கயிற்றோடு கிடந்தன.

ஜெனியின் நெஞ்சு. குளிர்காற்று பட்டால் இழுக்கிறது. அப்போதெல்லாம் மருந்து ஆவி பிடிக்க வைக்கிறேன்.

அப்புறம் கல்பனா. அவள் சாகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது கவினைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறாள். குரல் கேட்கிறது. அவளையும் போனவர்களோடுதான் வைத்திருக்கிறேன்.