வெற்று வரிக்கு எதிரே

வான்கோழிக் கறி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுச் செய்தான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. நெஞ்சுக் கறி யார் செய்தாலும் நார்நாராகத்தான் இருக்கும். என்னோடு வேலை செய்யும் டேரலின் மனைவி கானி ஹாப்ட் செய்வது மட்டும் கொஞ்சம் பரவாயில்லை.

நீங்கள் இந்தக் கல்லூரியின் பணியாளர் பிரிவுக்குப் புதிது. எங்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்திருக்க மாட்டீர்கள். யாரும் வருவதில்லை, மின்னஞ்சல் நின்றால்தான் நாங்கள் இருப்பதே மேலே இருப்பவர்களுக்கு ஞாபகம் வரும். கல்லூரியின் கணினிகளை நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம். நான், வெர்லின் ஸ்ட்ராய்க். அடுத்து டேரல் ஹாப்ட். பிறகு ஜீன் குபியாக். நான்காவது இடத்தில் லோயிஸ் இருந்தாள். அவள் ஓய்வு பெற்றதும் இந்த வருடம் ஷெங் லோர் வந்தாள். ராத்திரி பகல் எப்போது கணினி நின்றாலும் அழைப்பு வருகிற பேஜரை வாரத்துக்கு ஒருவர் வைத்திருக்க வேண்டும். இப்போது அது வெறும் கைப்பேசிதான், ஆனாலும் பேஜர் என்றே சொல்கிறோம். அது யார் இடுப்பில் இருக்கிறதோ அவர் ஊரைவிட்டு ஒரு மணி நேரத் தொலைவுக்கு மேல் போகக் கூடாது, பீரைத் தொடக் கூடாது. விஸ்கான்சினில் இதில் எது பெரிய தண்டனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முறைப்பட்டியலைப் போடுவது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஒரு கோப்பில் எங்கள் நால்வரின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, திரும்பத் திரும்ப. இன்னொரு கோப்பில் அந்த வருடத்தின் திங்கட்கிழமைகள். பேஸ்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒட்டிக் கொடுக்கும். அதற்கு யார் எவர் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. முதல் வரிக்கு முதல் வரி, பத்தாவதுக்குப் பத்தாவது. இவ்வளவு நல்ல குணம் மனிதர்களிடம் நான் பார்த்ததில்லை. பெயர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதனால் தேதி இல்லாத வரிகளை அழித்துவிடு என்று கடைசியில் இன்னொரு கட்டளை சேர்த்திருந்தேன். இவ்வளவுதான். ஒரே வரியில் முடிந்துவிடும் வேலை.

முதல் தடவை நடந்தது விபத்து. அதை நீங்கள் நம்ப வேண்டும். தேதிக் கோப்பில் எங்கோ என் விரல் கூடுதலாக ஒரு தட்டு தட்டி, ஒரு வெற்று வரி விழுந்துவிட்டது. அதற்கு எதிரே வந்த பெயருக்குத் தேதி இல்லை. கடைசிக் கட்டளை அதை அழித்துவிட்டது. அந்த ஆளுக்கு ஒரு முறை தப்பியது, கீழே இருந்த எல்லோரும் ஒரு படி நகர்ந்தார்கள். முறை தப்பியவன் எவனாவது வந்து புகார் சொல்வானா? சொல்லவில்லை. ஆனால் அந்த நகர்வில், ஊரே குடும்பத்தோடு கூடி வான்கோழி சாப்பிடும் நவம்பர் தேங்க்ஸ்கிவிங் வாரம் டேரல் தலையில் போய் விழுந்தது.

வழக்கமாக அந்த வாரம் டேரலும் கானியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரிசோனாவுக்குப் போவார்கள். கானியின் அப்பா எம்மெட் அங்கே இருந்தார். கிறிஸ்துமஸ் டேரலின் அம்மாவுக்கு என்று எழுதி வைத்தது. கோடையில் நாங்கள் எல்லா இயந்திரங்களையும் மாற்றுவதால் யாருக்கும் விடுப்பு கிடையாது. ஆக எம்மெட்டுக்கு இருந்தது அந்த ஒரு வாரம்தான். அந்த வருடம் அவர்கள் போக முடியவில்லை, வீட்டிலேயே சமைத்தார்கள். நான் தனி ஆள் என்று கானிக்குத் தெரியும்.

"தனியா உக்காந்து டப்பா சூப்பா குடிக்கப் போறீங்க? அதெல்லாம் வேணாம். ஒழுங்கா நம்ம வீட்டுக்கு வந்து சேருங்க" என்றாள்.

போனேன். பிள்ளைகள் எனக்கு ஒரு காகிதத் தொப்பி செய்து வைத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடியது. சாப்பிட்ட பிறகு யூக்கர் சீட்டு ஆடினோம். டேரலின் சின்ன மகள் என் மடியில் தூங்கிப்போனாள், கால் மரத்துப்போகும்வரை நான் அசையவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒளிக்க என்ன இருக்கிறது.

அடுத்த வருடம் முறை சரியாக வந்தது. அவர்கள் அரிசோனா போனார்கள். நான் டப்பா சூப் குடித்தேன். கோழியும் நூடுல்ஸும் போட்டது. அதையும் குறை சொல்ல மாட்டேன்.

அதற்கடுத்த ஜனவரியில், போன தடவை விபத்து எப்படி நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தேன். அதையே மறுபடி நடத்தினேன். சில வருடம் ஒரு வெற்று வரி போதும், சில வருடம் இரண்டு, அதிகம் போனால் மூன்று. வசந்தத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று தூவிவிடுவேன். என் பெயரை மட்டும் ஒருநாளும் தப்பவிட்டதில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

டேரல் வேறு யாரிடமாவது மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த வாரம் மான் வேட்டைப் பருவம். ஜீனிடம் கல்லீரலைக் கேட்டால் யோசிப்பான், மான் வாரத்தைக் கேட்டால் கதவைச் சாத்துவான். லோயிஸ் இல்லினாயில் மகள் வீட்டில் இருப்பாள். மிச்சம் நான். ஆனால் பட்டியலில் டேரலுக்கு முந்தின பெயர் என்னுடையது, அதனால் முந்தின வாரம் எப்போதும் எனக்கு. அரிசோனாவுக்கு அந்த வாரக் கடைசியிலேயே கிளம்ப வேண்டும் என்பதால் என் வாரத்தை டேரல் எடுத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு வாரம் வைத்திருக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. முன்னொரு காலத்தில் ஒருவர் இயந்திர அறையிலேயே நின்றபடி தூங்கி விழுந்ததால் வந்த விதி. நல்ல விதி.

எல்லோரும் இதை டேரலின் ராசி என்றே நினைத்தார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் ஜீன் ஆரம்பித்துவிடுவான்.

"ஏன் டேரல், நீ கட்டிக்கிட்டது கானியையா, பேஜரையா?"

"சிரிய்யா சிரி. உன் மானுக்கெல்லாம் இன்னிக்கே உன் நம்பரை அனுப்பி வெக்கிறேன், எல்லாம் உன்னையே கூப்பிடட்டும்" என்பான் டேரல்.

நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்பதற்காக அல்ல, நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது. ஒரு வருடம் கானியைப் பிள்ளைகளோடு தனியாகப் போகச் சொல்லி டேரல் வற்புறுத்தினான். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தேங்க்ஸ்கிவிங் அன்று ஒரு மனுஷனைத் தனியாகச் சாப்பிட விடுவதா என்று கேட்டாள். அவள் அப்படிப்பட்டவள். அதனால்தானே எனக்கும் ஒரு தட்டு இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் எம்மெட் தொலைபேசியில் வருவார். மேசை நடுவில் வைத்து எல்லோரும் பேசுவோம். பேரப் பிள்ளைகள் வந்தால் படுக்க வேண்டும் என்று ஓர் அடுக்குக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தார். "மெத்தை மேல பிளாஸ்டிக்கைக்கூட நான் இன்னும் பிரிக்கல. நீங்க வந்துதான் பிரிக்கணும்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். என்னையும் விசாரிப்பார். "வெர்லினா? நீதானா என் நாற்காலியில உக்காந்திருக்கிறது?" என்று கேட்டுச் சிரிப்பார். நல்ல மனிதர். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

போன வருடம் அவருக்கு இதயம் சரியில்லாமல் போனது. அக்டோபரில் டேரல் என் மேசைக்கு வந்து நின்றான். அவன் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

"வெர்லின், ஒரே ஒரு தடவை. நீ ரெண்டு வாரம் சேத்து வெச்சுக்கிறியா? கானி தூங்கவே மாட்டேங்கிறா."

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். பிறகு அந்த விதியை அவனுக்கு நினைவூட்டினேன். இன்று உனக்காக வளைத்தால் நாளை யாருக்காக வளைப்போம் என்றேன். அவன் தலையாட்டினான், சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று கானி என்னிடம் ஆப்பிளும் பன்றித் தொத்திறைச்சியும் போட்டுப் வான்கோழிக்குள் வைக்கிற ஸ்டஃபிங்கைப் புது மாதிரி செய்யப்போவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டஃபிங் நன்றாகத்தான் இருந்தது.

எம்மெட் பிப்ரவரியில் இறந்தார். வீட்டைக் காலி செய்யப் போனபோது கட்டிலில் பிளாஸ்டிக் அப்படியே இருந்ததாம். பிள்ளைகள் இப்போது அதில் காலை நீட்டக்கூட முடியாது, ஆளுயரம் வளர்ந்துவிட்டார்கள். புதிதாகவே இருந்ததால் யாருக்கோ கொடுக்கச் சுலபமாக இருந்தது என்று கானி சொன்னாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். நான் டேரலுக்குப் பாத்திரங்களைத் துடைத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் ஷெங்கால் வெளியே வந்தது. கெட்டிக்காரப் பெண். பேஸ்ட் வேண்டாம், ஜாயின் போடலாம் என்றாள். அது கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாது; இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால்தான் சேர்க்கும், வெற்று வரி அதனிடம் செல்லாது. தன் பட்டியலையும் என் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஏப்ரலிலிருந்து ஒன்றும் ஒத்துப்போகவில்லை.

"வெர்லின், இங்க ஒரு வரி சும்மா காலியா கெடக்கே. எதுக்கு?"

"கண்ணுக்கு இதமா இருக்கட்டும்னுதான்."

"அந்த இதம் வருஷா வருஷம் இடம் மாறுதே. பழைய கோப்பெல்லாம் தோண்டிப் பார்த்தேன். அது எங்க மாறினாலும் தேங்க்ஸ்கிவிங் மட்டும் டேரலை விட்டு மாறவே இல்லையே."

டேரல் பக்கத்து மேசையில்தான் இருந்தான். அவன் கத்தவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டான்.

"போன வருஷமுமா?"

ஆமாம் என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. கேட்டால் என்றைக்கும் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றோடு ஒரு வாரமாக வரவில்லை.

செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு குடும்பம் ஒன்றாக, தன் வீட்டில், தன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில் இந்த வெற்று வரிகளுக்கும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இந்த வருடம் இனி நான் எதையும் தொடவேண்டியதில்லை. ஷெங்கின் பட்டியலில் அந்த வாரம் ஜீனுக்கு விழுந்திருக்கிறது. மான்களுக்கு நல்ல காலம். டேரலும் கானியும் வீட்டில்தான் இருப்பார்கள். போவதற்கு அவர்களுக்கு இனி இடமில்லை. டேரல் என் அழைப்பை எடுப்பதில்லை, அதனால் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அவனிடம் பேசும்போது, வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டுக்கு நான் எத்தனை மணிக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.