அன்டன் தூக்கிய கால்

அவைத் தலைவர் பேரின்பநாதன் அவர்களே, முன்வரிசையை நிறைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே, ஐப்பசி மழையையும் பாராமல் லவாலிலிருந்தும் பியர்பொன்ட்சிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் தாய்மாரே, முதல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தங்கை யோசெப்பின் அவர்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தமிழர் மேடையில் அமெரிக்க மலைநாட்டுப் பாட்டு எதற்கு என்று பின்னால் ஒருவர் முணுமுணுக்கிறார். ஐயா, எனக்குத்தான் எழுபத்தெட்டு வயது. என் காதுக்கு இல்லை. சிரியுங்கள், பிறகு சிரிக்க இடம் வராது.

சுரங்கத்தில் புதைந்த கணவனுக்காக ஒரு பாட்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்காக ஒரு பாட்டு. போனவன் திரும்பாத வீட்டுக்காக ஒரு பாட்டு. இவற்றைக் கேட்க நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?

நாங்கள் நால்வர். கன்னியர் மடப் பள்ளியில் கற்ற வயலின் என்னிடம், கிற்றார் கிருபானந்தனிடம், மண்டலின் நிரஞ்சனியிடம், பாஞ்சோ அன்டனிடம். தொழிற்சாலையில் கூட வேலை செய்த டென்னசிக்காரரிடம் இந்த இசையைப் பழகி, எங்களுக்கும் பழக்கியவர் அன்டன். யோசெப்பினின் கணவர்.

இந்த இசையில் ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக அமர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். இதுதான் கடைசிச் சுற்று என்று காட்ட, ஒருவர் காலை முன்னே தூக்குவார். கைகள் வாத்தியத்தில் இருக்கின்றனவே, வேறு என்ன செய்வது? ஆனால் நான் ஒப்பவில்லை. "பெரியாக்களுக்கு முன்னால கால் தூக்கிறதோ? தலையை ஆட்டினால் போதும்" என்றேன். மூவரும் பணிந்தார்கள்.

மாசியில் ஒரு ஞாயிறு மாலை, கிருபானந்தன் வீட்டு பேஸ்மென்டில் ஒத்திகை. மெட்டின் நடுவில் அன்டன் வலக்காலைத் தூக்கினார். நான் வில்லை நிறுத்தினேன்.

"அன்டன், உமக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

"இல்லை அக்கா, கெண்டைக்கால் வீங்கி ஒரே நோ. கொஞ்சம் நீட்டினனான்."

"நோவெண்டால் வீட்டில நிண்டிருக்கலாம். வந்தால் வடிவா இருந்து வாசிக்கோணும்."

"நாளைக்கு டொக்டரிட்டப் போய் நீட்டும், அன்டன். அங்க ஏச அக்கா இல்லை" என்றார் கிருபானந்தன். அன்டனும் சிரித்தார். காலை மடக்கினார். மடக்கியபடியே இன்னும் ஒரு மணி நேரம் வாசித்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அவர் இல்லை. காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டதாம். ஒத்திகையன்று இரவே மருத்துவமனைக்குப் போயிருந்தால்? தெரியாது என்றார் மருத்துவர். தெரியாது! எட்டு மாதமாக அந்தச் சொல்லோடு எழுகிறேன். அந்தச் சொல்லோடு படுக்கிறேன்.

யோசெப்பின், செத்தவீட்டில் என் கையைப் பிடித்து, "ஒண்டும் தெரியாமல் போட்டுதே, அக்கா" என்று அழுதீர்கள். "ஓம் பிள்ளை, ஒண்டும் தெரியேல்லை" என்றேன். பொய் சொன்னேன். யாரிடம் சொன்னேன்? கணவனை இழந்த நான், கணவனை இழந்த உங்களிடம் சொன்னேன். அவர் நோவென்று சொன்னார். நான் ஏசினேன். இதை உங்களிடம் தனியே சொல்ல எட்டு மாதம் துணியாதவள், இன்று ஊரறியச் சொல்கிறேன்.

அன்று நான் நடுவில் நிறுத்திய மெட்டை இப்போது மூவரும் வாசிக்கப் போகிறோம். யார் முடிப்பது? நான் தலையாட்ட மாட்டேன். யோசெப்பின், நீங்கள் முடியுங்கள். இத்தனை பெரியவர்கள் முன்னால், கூசாமல் காலைத் தூக்குங்கள். அதுவரை வாசிப்போம். விரல் நொந்தாலும் வாசிப்போம், வில் தேய்ந்தாலும் வாசிப்போம். நீங்கள் எழுந்து வெளியே போனால், குறை சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பின்னால் கதவு மூடும்வரை வாசிப்போம்.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம்.

கிருபானந்தன், தொடங்குங்கோ.