இரும்பு இல்லை

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறதே சார், அது கெபாசிட்டர் கோளாறு இல்லை. பேரிங் தேய்ந்துபோயிருக்கிறது. வாசலில் நிற்கிற கான்ஸ்டபிள் கெபாசிட்டரை மாற்றலாம் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றினாலும் சத்தம் நிற்காது. காலையிலிருந்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தமிழ் தெரிந்தவரை வரவழைத்தது நல்லதாகப் போயிற்று. டெல்லிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இந்தியில் ஆபீஸ் வேலை பார்ப்பேன், ஆட்டோக்காரனோடு சண்டை போடுவேன். மனசில் இருப்பதைச் சொல்ல மட்டும் அது எனக்கு வராது. உங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிகிறது. எனக்கு மன்னார்குடி. கலியமூர்த்தி என்று பெயர். அரசாங்கத்தில் மின்சாரப் பிரிவு சூப்பர்வைசர். மோதி பாக் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் நானும் என் மனைவி வத்சலாவும் இருக்கிறோம். மகள் ப்ரீதா கல்யாணமாகிப் புனேக்குப் போய்விட்டாள். வத்சலா உங்களிடம் சொன்னதைக் காலையில் படித்துக் காட்டினீர்கள். அதைக் கேட்ட பிறகு எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கிளைடர் என்றால் என்ன என்று கேட்டீர்கள். எஞ்சின் இல்லாத சின்ன விமானம். இறக்கை மட்டும் ஓர் ஆள் கையை நீட்டிப் படுத்தால் வருகிற நீளம் இருக்கும். ரப்பர் கயிற்றில் இழுத்து மேலே விடுவோம். அப்புறம் கையிலிருக்கிற ரிமோட்டால் திருப்பத்தான் முடியும், ஏற்றுவது காற்றின் வேலை. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று ஓரிடத்தில் மேலே எழும்பும். பருந்து சிறகை அசைக்காமல் வட்டம் போடுமே, அந்த இடம்தான். அதற்குள் நுழைந்துவிட்டால் அரைமணி நேரமானாலும் இறங்காது.

எனக்கு அந்த இடம் ஒருநாளும் பிடிபடவில்லை. பதினைந்து வருஷத்தில் ஆறு நிமிஷத்துக்கு மேல் நான் பறக்கவிட்டதில்லை. ஆனால் பழுது பார்ப்பதில் என்னை அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆள் கிடையாது. மூக்கு நொறுங்கி, இறக்கை ஒடிந்து, சாக்குப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். பால்சா மரக்கீற்றை வெட்டி ஒட்டி, இறக்கைக்குள் கார்பன் குழாயைச் செருகி, மேலே மெல்லிய படலத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இழுத்துக் கொடுத்தேன் என்றால், ஒட்டின இடம் எது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. அதுதான் அந்த வேலையின் கஷ்டமும். நன்றாகச் செய்தால் நான் செய்ததே யார் கண்ணுக்கும் தெரியாது.

வத்சலாவுக்கு இதில் ஒட்டுதல் இல்லை. "வயசான காலத்துல பொம்ம விளையாட்டு" என்பாள். சாப்பிடும்போது நான் சொல்வேன், இன்றைக்கு இந்த இறக்கை வந்தது, இப்படிச் சரிசெய்தேன் என்று. "ம்" என்பாள். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?" என்பாள். நான் பேசுவது எதுவும் அவள் காதில் விழுவதில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், பால்கனியில் உயரத்தில் கட்டியிருக்கிற கொடியில் புடவையை ஏற்ற, என் கார்பன் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். கறுப்பாக, வழுவழுவென்று, எடையே இல்லாமல் இருக்கும். பக்கத்திலேயே சர்வீஸ் வயர் போகிறது, உறை பிய்ந்துபோன பழைய வயர். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அவள் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய் அரைமணி நேரம் விளக்கினேன். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி சரி, இனிமே எடுக்கல" என்றாள். அவ்வளவுதான்.

நரேன் போன அக்டோபரில் வந்தான். குர்கானில் கம்ப்யூட்டர் வேலை, முனிர்காவில் ரூம். அப்பா அம்மா தமிழ்க்காரர்கள், இவன் பிறந்து வளர்ந்தது டெல்லி. யாரோ என் விலாசத்தைக் கொடுத்து, ஒடிந்த கிளைடரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். "அங்கிள், ரெக்க கிளிஞ்சிடுச்சு" என்றான்.

உள்ளே இருந்து வத்சலா சிரித்தாள். "கிளி வேற, கிழி வேறப்பா. உன் ரெக்க கிளியாயிட்டா அதுவே பறந்துருமே." அவனும் சிரித்தான். காபி போட்டுக் கொடுத்தாள். நான் அந்த இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ப்ரீதா கல்யாணத்துக்கு முன்னாலேயே நின்றுபோயிருந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். வத்சலா ஒரு சட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தமிழ்தான், இந்தியோ இங்கிலீஷோ வாயில் வந்தால் காபி கிடையாது. அவன் வார்த்தை வார்த்தையாகத் தேடுவான். "ஆன்ட்டி, சீல்-க்குத் தமிழ்ல என்ன?" "பருந்து. போச்சு, சீல்னு இந்தியில சொல்லிட்ட, ஆன்ட்டின்னு வேற சொல்லிட்ட, ரெண்டு காபி கட்." இப்படிப் போகும். நான் பால்கனியில் உட்கார்ந்து அவனுடைய கிளைடர் வாலை ஒட்டிக்கொண்டிருப்பேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள்மேல் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவனுக்கு முப்பது, அவளுக்கு ஐம்பத்தொன்று. சந்தேகமாக இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும், ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். இதற்கு என்ன சண்டை போடுவது?

பிப்ரவரியில் ஒருநாள், "நானும் வரேங்க, அது எப்படிப் பறக்குதுன்னு பாக்கணும்" என்றாள். பதினைந்து வருஷமாக நான் போகிற இடம் சார் அது. நஜஃப்கர் தாண்டி ஹரியானா பக்கம், கோதுமை வயலை ஒட்டின தரிசு. ஒருநாளும் வந்ததில்லை. அன்றைக்கு லெமன் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். நரேன் கிளைடரை ஏற்றினான். எங்கிருந்தோ இரண்டு பருந்து வந்து அதன் கூடவே சுற்ற ஆரம்பித்தன. நாற்பது நிமிஷம். அவள் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, வாயைக்கூட மூடாமல் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். அவன் என் கிளைடரையும் ஏற்றிக் காட்டினான். அதுவும் அவன் கையில் இருபது நிமிஷம் நின்றது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கேட்டாள். "எப்படிங்க அவன் அத அவ்வளவு நேரம் நிறுத்தறான்?"

"அது நான் செஞ்ச ரெக்க" என்றேன்.

"ரெக்க நீங்க செஞ்சதுதான். ஓட்டறது அவன்தானே?"

எனக்கு வயிறு எரிந்தது. பற்றி எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் ரசம் வேண்டுமா என்று கேட்கவில்லை. அவள் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

இப்போது ஏப்ரலுக்கு வருகிறேன். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது, கிளைடருக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. வெயில் அதிகம் என்று எங்கள் கிளைடர் கிளப்பில் மற்றவர்கள் வரவில்லை. நாங்கள் மூன்று பேர்தான். பகல் பதினொன்றரை இருக்கும். நரேன் கிளைடரை நல்ல உயரத்துக்கு ஏற்றிவிட்டு, ரிமோட்டை வத்சலா கையில் கொடுத்தான்.

நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. அவள் கேட்டதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் மட்டும் கேட்டாளா என்றால், அதுவும் இல்லை. அவனாகக் கொடுத்தான்.

"என்னங்க, நான் ஓட்டறேன் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். பார்த்தேன். முகம் வெயிலில் சிவந்து, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தாள். நாலைந்து நிமிஷம் ஓட்டியிருப்பாள். பிறகு இடது வலது குழம்பிவிட்டது. கிளைடர் நம்மைப் பார்த்து வரும்போது எல்லோருக்கும் குழம்பும். அது தாழ்ந்து வந்து, வயல் ஓரமாகப் போகிற பதினோராயிரம் வோல்ட் கம்பியில் மாட்டித் தொங்கியது. கம்பிக்குக் கீழே பம்ப்செட் ரூம் ஒன்று, காங்கிரீட் கூரை.

"ஐயோ, நான் கெடுத்துட்டேனே" என்றாள். "ஒண்ணும் ஆகல, எடுத்துடலாம்" என்றான் நரேன். அதற்குள் கூரைமேல் ஏறிவிட்டான்.

என்னிடம் ஒரு துறட்டி உண்டு. இங்கே கீகர் என்று சொல்கிற கருவேல மரத்தில் மாட்டுகிற கிளைடர்களை எடுக்க நானே செய்தது. இரண்டு கார்பன் குழாயை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நுனியில் கொக்கி வைத்து, பிடிக்கு மஞ்சள் டேப் சுற்றியிருப்பேன். பத்தடிக்கு மேல் வரும், ஒரு கையால் தூக்கலாம். அது கார் டிக்கியில் இருந்தது. எடுத்து வந்தேன். பிறகு வத்சலாவிடம், "பின் சீட்டுல பெட்ஷீட் இருக்கு, கொண்டா. கீழ விழுந்தா ஆளுக்கு ஒரு மூலையா பிடிச்சுக்கலாம்" என்றேன். அவள் காரைப் பார்க்க நடந்தாள். அவளை அனுப்பியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துறட்டியை மேலே நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். பயல் முட்டாள் இல்லை சார். கம்பியைப் பார்த்தான், துறட்டியைப் பார்த்தான். மெட்டலா என்று இங்கிலீஷில் கேட்க வந்தவன், "மெட்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை இல்லையா. கொஞ்சம் யோசித்து, வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில், "அங்கிள், இது இரும்பு இல்லல்ல?" என்றான்.

"இரும்பு இல்லப்பா" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். இரும்பு இல்லைதான். ஷாக் அடிக்குமா என்று அவன் கேட்டிருந்தால் அடிக்கும் என்று சொல்லியிருப்பேன். கரண்ட் போகுமா என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். நான் மின்சாரத் துறை ஆள் என்பது அவனுக்குத் தெரியும், அதனால் மறுபடி கேட்கவில்லை.

காருக்குப் பாதி தூரத்தில் வத்சலா நின்றாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்திருக்கும் என்று தோன்றவில்லை, செருப்பில் முள் ஏறிவிட்டதோ என்று நினைத்தேன். திரும்பினாள். அதற்குள் அவன் துறட்டியைத் தூக்கிவிட்டான்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தடியால் பாயை அடித்தால் கேட்குமே, அந்தச் சத்தம்.

நான் உடனே போனை எடுத்து சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள். முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம். லைனை நிறுத்தாமல் யாரும் கம்பியில் கை வைக்கக் கூடாது என்று தினமும் என் ஆட்களிடம் தொண்டை வற்றக் கத்துகிறவன் நான்.

அதற்கப்புறம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளைப் பற்றித்தான் நீங்கள் கடுமையாகப் பேசினீர்கள். "நான்தாங்க கொன்னேன், நான் ஒழுங்கா ஓட்டியிருந்தா அவன் கூரைமேல ஏறியிருக்க மாட்டான்" என்று அழுதுகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கழிப்பறைக்குப் போக எழுந்தால்கூட "எங்க போறீங்க?" என்பாள். நான் "விதி, விட்டுத்தள்ளு" என்று சொல்லி முதுகைத் தடவிக்கொடுத்தேன். ரசம் வைத்தேன், ஊட்டிவிட்டேன். இல்லை, உன்மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, மறைப்பானேன், அந்த ஐந்து நாள் எங்கள் வீட்டில் நன்றாக இருந்தது.

ஆறாவது நாள் காலையில் துணி உலர்த்தப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். என் கார்பன் குழாய்கள் சார்த்தி வைத்திருக்கிற மூலையைப் பார்த்தபடி, கையில் ஈரப் புடவையோடு நின்றாள். புடவையை வாளியிலேயே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

அவன் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று மூன்று தரம் கேட்டீர்கள். ஆமாம், நினைத்தேன். துறட்டியை நீட்டும்போதே நினைத்தேன். கையெழுத்துப் போடுகிறேன், மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையே சொல்கிறேன். கிளைடரைச் சாட்சிப் பொருளாக வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். இடது இறக்கைதான் கருகியிருக்கும். என்னிடம் கொடுத்தால் மூன்று நாளில் புதிசாக்கிவிடுவேன். அது உங்கள் இஷ்டம்.

ஒரே ஒரு உதவி வேண்டும். வத்சலா சொன்னதில் ஓரிடம் வருகிறதே. "அவர் அன்னிக்கே சொன்னாருங்க. இது பாக்கத்தான் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். இரும்பு இல்ல, ஆனா இரும்புல போற மாதிரியே இதுலயும் கரண்ட் போகும், தொட்டா ஆள் காலின்னு சொன்னாரு" என்று. அடுப்படியில் நான் சொன்னது அப்படியே, ஒரு வார்த்தை மாறவில்லை சார். மூன்று வருஷம் ஆகிவிட்டது. கடுகு வேறு வெடித்துக்கொண்டிருந்தது. கேட்டிருக்கிறாள், பாருங்கள். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கிறீர்களா?